காய் நறுக்கும்போது வர்ற கோளாறுகள்: போர்டு, கத்தி, கை, இந்த வரிசையில பாருங்க

ஞாயித்துக்கிழமை காலையில சமையல் கிளாஸ்ல கத்தி பிடிக்கச் சொல்லித்தர்ற வேலை எனக்கு. ஒரு பேட்ச்ல பத்து பன்னெண்டு பேர் வருவாங்க, ஆளுக்கு ஒரு போர்டு, ஒரு கத்தி, ஒரு கூடை காய். வாராவாரம் ஆளுங்க மாறுறாங்க, ஆனா மாட்டிக்கிற இடம் மாறவே மாட்டேங்குது, அதே ஏழெட்டு பிரச்சனைதான். வீட்டுக்குப் போய் தனியா வெட்டும்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்க முடியாதவங்களுக்காக எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். உங்க பிரச்சனை எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்க, காசு செலவாகாத வழியை முதல்லயும் செலவு இழுக்கறதை கடைசியாவும் போட்டிருக்கேன்.

விரல்ல வெட்டு பட்டு இப்போ ரத்தம் வந்துட்டு இருக்குன்னா மத்ததைப் படிக்க வேண்டாம், நேரா கடைசித் தலைப்புக்குப் போங்க.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். கிளாஸ்ல வந்து நிக்கிறவங்க பாதிப்பேர் "எனக்கு கை வராது மேடம்"னு ஆரம்பிப்பாங்க. போய்ப் பார்த்தா போர்டு வழுக்கிட்டு இருக்கும், இல்ல கத்தி மொண்ணையா இருக்கும், கையில ஒரு குறையும் இருக்காது. அதனால எந்தக் கோளாறா இருந்தாலும் முதல்ல போர்டு, அப்புறம் கத்தி, கடைசியாத்தான் கை.

போர்டு நகருது, இல்ல ஆடுது

போர்டுக்கு அடியில ஈரத்துணி இருக்கா? ஒரு காட்டன் துண்டை நனைச்சு நல்லா பிழிஞ்சு மடிப்பு இல்லாம முழுசா விரிச்சு அதுமேல போர்டை வைங்க, பழைய பனியன் துணி இதுக்கு ரொம்ப நல்லா இருக்கும். ரெண்டு கையாலயும் போர்டைத் தள்ளிப் பாருங்க, நகரக் கூடாது.

துணி போட்டும் நகருதுன்னா மேடையில எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சோப்புத் தண்ணி தொட்டுத் துடைச்சுட்டு காயவிட்டு மறுபடி வைங்க.

நகரல, ஆனா ஒரு மூலை டக் டக்னு ஆடுதுன்னா மரப்போர்டு வளைஞ்சிருக்கு. திருப்பிப் போட்டுப் பாருங்க. கழுவிட்டு படுக்க வச்சு காயவிட்டா ஒரு பக்கம் ஈரம் ஒரு பக்கம் காய்ச்சல்னு ஆகி இப்படித்தான் வளையும், இனிமே செவுத்துல சாய்ச்சு நிக்க வச்சு காயவிடுங்க. கொஞ்சம் வளைவுன்னா அந்த மூலைக்குக் கீழ துணியை ரெண்டா மடிச்சா போதும். ஸ்பூன் உள்ள போற அளவுக்கு இடைவெளி இருந்தா அந்தப் போர்டை மாத்திடுங்க.

எவர்சில்வர் தட்டுலயோ கிரானைட் மேடையிலயோ கண்ணாடிப் போர்டுலயோ வெட்டுறீங்கன்னா தயவுசெஞ்சு நிறுத்துங்க, காரணம் கீழ வருது.

கத்தி தக்காளித் தோல்ல வழுக்குது

முதல்ல இந்தச் சோதனையைப் பண்ணுங்க. நியூஸ் பேப்பர் ஒத்தைத் தாளை ஒரு கையில தொங்கவிட்டு பிடிச்சுக்கிட்டு, கத்தியோட பிடிப்பக்கத்துல ஆரம்பிச்சு நுனி வரைக்கும் இழுத்து வெட்டுங்க. தாளைப் பிடிச்ச கைக்கு எதிர்ப்பக்கமா, வெளிப்பக்கமா இழுக்கணும்.

*தாள் சுத்தமா வெட்டுது, தக்காளி மட்டும் வெட்டலை.* கத்தி நல்லாத்தான் இருக்கு, நீங்க நேரா கீழ அமுக்குறீங்க. அமுக்கினா தோல் நசுங்கி விதையெல்லாம் வெளிய வந்துடும். கத்தியோட முழு நீளத்தையும் பயன்படுத்தி முன்னால தள்ளி பின்னால இழுங்க, கீழ போற வேலையை கத்தியே பார்த்துக்கும்.

*தாள் ஒரு இடத்துல மட்டும் மாட்டுது.* அந்த இடத்துல கூர் மடங்கியிருக்கு இல்ல சின்னதா பல் விழுந்திருக்கு. டியூப்லைட்டுக்கு நேரா கூர்ப்பக்கத்தை மேல தூக்கிப் பாருங்க, கூரா இருக்கற இடம் கண்ணுக்குத் தெரியாது, மொண்ணையா இருக்கற இடம் வெள்ளைக் கோடா மினுங்கும்.

*தாள் கிழியுது, வெட்டவே இல்லை.* மொத்தமா மொண்ணை. கீழ இருக்கற வரிசையில போங்க.

முதல்ல ஹோனிங் ராடு, அதாவது கத்தியோட செட்டுல வர்ற அந்த நீளக் கம்பி. ராடோட நுனியை போர்டுமேல ஊணி நேரா நிக்க வச்சுக்கோங்க, கத்தியைக் கொஞ்சமா சாய்ச்சு மேல இருந்து கீழ லேசா இழுங்க, பக்கத்துக்கு 5 இல்ல 6 தடவை. சினிமாவுல பண்ற மாதிரி காத்துல ஷிங் ஷிங்னு பண்ண வேண்டாம். ராடு கூர் போடாது, மடங்கின கூரை நிமித்தி விடும், அவ்வளவுதான் அதோட வேலை. மறுபடி பேப்பர் சோதனை. வெட்டுச்சுன்னா முடிஞ்சுது, காசு மிச்சம்.

ராடுல சரியாகலன்னா கல்லுல தீட்டணும். வீட்டுக் கத்திக்கு 1000 கிரிட் (கல்லோட சொரசொரப்பைச் சொல்ற நம்பர்) கல்லு ஒண்ணு போதும், தண்ணி ஊறுற வகைன்னா குமிழி நிக்கிற வரைக்கும் ஊறவைங்க. எல்லாரும் மாட்டிக்கிறது கோணத்துலதான். சாதாரண ஐரோப்பிய வகைக் கத்திக்கு பக்கத்துக்கு 20 டிகிரி, ஜப்பான் கத்திக்கு 15 டிகிரி கிட்ட. டிகிரின்னா எப்படி அளக்கறதுன்னு கேப்பீங்க, கத்தியோட அகலம் 45 மில்லிமீட்டர்னா முதுகுப்பக்கம் கல்லுல இருந்து 15 மில்லிமீட்டர் தூக்கி இருந்தா அது 20 டிகிரி, 12 மில்லிமீட்டர்கிட்ட இருந்தா 15 டிகிரி. ஸ்கேல் வச்சு ஒருதடவை பார்த்துட்டா கைக்குப் பழகிடும். இன்னொரு வழி, கூர் ஓரத்துல மார்க்கர் பேனாவால மை தடவிட்டு நாலு தடவை தீட்டிட்டுப் பாருங்க. மை முழுசா போயிருந்தா கோணம் சரி, மேல மட்டும் போய் கூர்கிட்ட அப்படியே இருந்தா ரொம்பப் படுக்க வச்சுட்டீங்க, கூர்கிட்ட மட்டும் போய் மேல மிச்சம் இருந்தா தூக்கிட்டீங்க.

ஒரு பக்கம் தீட்டிட்டே இருந்தா மறுபக்கம் பிசிறு, அதாவது கூர் ஓரத்துல மெல்லிசா மடிஞ்ச இரும்பு, வரும். விரலை முதுகுல இருந்து கூர்ப் பக்கமா வெளிய தடவினா நகத்துல மாட்டுற மாதிரி தெரியும், கூர் நெடுக தடவிடாதீங்க. பிசிறு முழு நீளத்துக்கும் வந்தப்புறம்தான் அடுத்த பக்கம். கடைசியில ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ரொம்ப லேசா இழுத்து பிசிறை எடுத்துடுங்க.

கல்லு இல்ல, இன்னைக்கே விருந்தாளி வர்றாங்கன்னா பீங்கான் கப்பைக் கவுத்து வைங்க, அடியில பளபளப்பு இல்லாம சொரசொரன்னு ஒரு வளையம் இருக்கும், அதுல அதே கோணத்துல பத்துத் தடவை தீட்டினா அன்னைக்குப் பொழுது ஓடிடும்.

எப்போ சாணைக்காரரைக் கூப்பிடணும்: பல் 1 மில்லிமீட்டருக்கு மேல போயிருந்தா, நுனி உடைஞ்சிருந்தா, இல்ல கூர்ப்பக்கம் நடுவுல குழிஞ்சு போய் போர்டுல வச்சா வெளிச்சம் தெரிஞ்சா, அது வீட்டுக் கல்லுல ஆகற வேலை இல்ல. தெருவுல சைக்கிள்ல சாணை பிடிக்க வர்றவர்கிட்ட கொடுக்கலாம், ஆனா பக்கத்துலயே நில்லுங்க. "அண்ணே, லேசா பிடிங்க, நடுநடுவுல தண்ணியில முக்கிக்கோங்க"ன்னு சொல்லுங்க, நல்ல சாணைக்காரர் கோவிச்சுக்க மாட்டார், அவருக்கே அது தெரியும். தீப்பொறி பறக்கப் பறக்க ஒரே இடத்துல வச்சா இரும்பு சூடேறி கூர்ல நீலம் பாயும். நீலம் பாஞ்ச இடம் பதம் போயிடுச்சுன்னு அர்த்தம், அப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் அந்த இடத்துல கூர் நிக்காது. விலை கூடின கத்தியைத் தெரு சக்கரத்துல கொடுக்காதீங்க, தண்ணிக்கல்லுல தீட்டுறவங்களைத் தேடிக் கொடுங்க. ரம்பப் பல் வச்ச பிரெட் கத்தியை ராடுலயும் வைக்காதீங்க, தட்டைக் கல்லுலயும் வைக்காதீங்க.

தீட்டி ரெண்டு வாரம்கூட ஆகல, மறுபடி மொண்ணை

இதுக்கு நான் கேக்குற முதல் கேள்வி, "எதுமேல வச்சு வெட்டுறீங்க?" பாதி வீட்டுல பதில் எவர்சில்வர் தட்டு. வெங்காயத்தைத் தட்டுல வச்சு வெட்டினா ஒவ்வொரு வெட்டுக்கும் கூர் இரும்புமேல போய் முட்டுது, கிரானைட்டும் கண்ணாடியும் அதைவிட மோசம். மரம் இல்ல பிளாஸ்டிக், ரெண்டே ரெண்டுதான்.

அது சரியா இருந்தா அடுத்தது, வெட்டின காயை எதால வழிச்சு தள்ளுறீங்க? கூர்ப்பக்கத்தால போர்டைச் சுரண்டினா கூர் அப்படியே ஒரு பக்கமா மடங்கும். கத்தியைத் திருப்பி முதுகால தள்ளுங்க. இந்த ஒரு பழக்கத்தை மாத்தினாலே எங்க கிளாஸ் கத்தி எல்லாம் முன்னைவிட ரொம்ப நாள் தாங்குது.

அப்புறம் சிங்க்ல மத்த பாத்திரத்தோட போடுறது, கரண்டி டிராயர்ல உரசிட்டுக் கிடக்கிறது, தேங்காய் உடைக்கிறது, ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கறியை அப்படியே வெட்டுறது. எதுவுமே இல்லன்னா பிசிறை எடுக்காம விட்டிருப்பீங்க, பிசிறோட இருக்கற கத்தி ரெண்டு நாள் பிரமாதமா வெட்டிட்டு மூணாம் நாள் படுத்துடும்.

எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் நிக்கலன்னா இரும்பே மெத்துனு இருக்கு. அப்போ புதுக் கத்தி வாங்குற செலவுதான். 8 இன்ச், அதாவது 20 சென்டிமீட்டர் செஃப் கத்தி பெரும்பாலானவங்களுக்குச் சரியா இருக்கும், சின்னக் கையா இருந்தா 16, 18 சென்டிமீட்டர் சாண்டோகு, அதாவது ஜப்பான் வகை சமையல் கத்தி, எடுங்க. சாண்டோகு தட்டையா இருக்கும், ஊஞ்சல் மாதிரி ஆட்டி வெட்ட வராது, முன்னால தள்ளி வெட்டணும்.

விரல் நுனி கத்திகிட்டயே போகுது, வெட்டவே பயமா இருக்கு

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு சொல்லணும். கிளாஸுக்கு வர்ற அம்மாக்கள் நிறைய பேர் அருவாமனையில பழகினவங்க. அங்க அலகு அசையாது, காய்தான் அலகுகிட்ட போகும், ரெண்டு கையும் சேர்ந்து காயைத் தள்ளும். முப்பது வருஷப் பழக்கம், அருமையான கை, கீரையை நூல் மாதிரி அரிவாங்க. அதே ஆளு கத்தியைக் கையில எடுத்ததும் வலது கை வெட்ட வருது, இடது கை பழைய ஞாபகத்துல காயை அலகுப் பக்கம் தள்ளுது, ரெண்டும் ஒரே இடத்துல சந்திக்குது. பதட்டம், வயசுன்னு அவங்களே காரணம் சொல்லிக்கிறாங்க, அதெல்லாம் இல்லைங்க, இடது கை வேற பாடம் படிச்சிருக்கு, அவ்வளவுதான்.

சரி பண்றது இப்படி. இடது கை விரல் நுனியை உள்ள மடக்குங்க, பூனை பாதத்தை மடக்கி வைக்கற மாதிரி. கட்டைவிரலும் சுண்டுவிரலும் பின்னால ஒளிஞ்சிருக்கணும். நடுவிரலோட முட்டி கத்தியோட தட்டைப் பக்கத்தைத் தொட்டுக்கிட்டே இருக்கணும். கத்தி முட்டியைத் தொட்டுட்டு இருந்தா விரலுக்கு அது எங்க இருக்குன்னு தெரியும், தெரிஞ்சா பயம் போயிடும். இப்போ முக்கியமானது, காய் நகரக் கூடாது, இடது கைதான் காய்மேல பின்னால நகரணும். ஒரு வெட்டு, கை கொஞ்சம் பின்னால, ஒரு வெட்டு, கை கொஞ்சம் பின்னால. முதல் பத்து நிமிஷம் வெள்ளரிக்காய்ல மட்டும் பண்ணுங்க, கத்தியோட நுனி போர்டை விட்டு எழும்பாம இருக்கட்டும். கூர்ப்பக்கத்தை முட்டிக்கு மேல தூக்கினா முட்டி வச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

வலது கையில, ஆள்காட்டி விரலைக் கத்தி முதுகுமேல நீட்டி வைக்காதீங்க. பிடியும் அலகும் சேர்ற இடத்துல கட்டைவிரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் அலகைக் கிள்ளிப் பிடிங்க, மிச்ச மூணு விரல் பிடியைச் சுத்தி. முதல் நாள் அசௌகரியமா இருக்கும், ரெண்டாவது கிளாஸ்ல யாரும் பழைய பிடிக்குத் திரும்பிப் போறதில்ல.

தக்காளியை உள்ளங்கையில வச்சு கட்டைவிரலை நோக்கி இழுத்து வெட்டுற பழக்கம் இருக்கறவங்க, சின்ன மொண்ணைக் கத்தி வரைக்கும்தான் அது தப்பிச்சுது. நல்லா தீட்டின கத்தியில அதைப் பண்ணவே பண்ணாதீங்க.

கத்தி கை தவறி விழுந்தா பிடிக்கப் போகாதீங்க, காலைப் பின்னால எடுத்துட்டு விழ விடுங்க.

துண்டு சாய்வா வருது, மேல தடிமனா கீழ மெல்லிசா

தலை கத்திக்கு நேர் மேல இருக்கா பாருங்க, பக்கத்துல இருந்து எட்டிப் பார்த்து வெட்டினா கத்தி சாயும். உடம்பை மேடைக்கு நேரா ஒட்டி நிக்காம வலது காலை கொஞ்சம் பின்னால வச்சு திரும்பி நின்னா முழங்கைக்கு இடம் கிடைக்கும். உருளை, கேரட் மாதிரி உருள்ற காய்ல முதல்ல ஒரு பக்கம் மெல்லிசா சீவி அந்தத் தட்டைப் பக்கத்தைக் கீழ வச்சுட்டு வெட்டுங்க, பாதி பிரச்சனை அங்கயே தீரும்.

இதெல்லாம் சரியா இருந்தும் எப்பவும் ஒரே பக்கமா இழுக்குதுன்னா கத்தியைப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் நிறைய தீட்டியிருந்தா அப்படி இழுக்கும், மறுபக்கமும் தீட்டி சமன் பண்ணணும். ஒரு பக்கம் மட்டுமே கூர் வச்ச ஜப்பான் கத்தி பெரும்பாலும் வலது கைக்காரங்களுக்குன்னு செஞ்சது, இடது கைக்காரங்க அதுல வெட்டினா சாயத்தான் செய்யும், அவங்க தப்பு ஒண்ணும் இல்ல. ரெண்டு பக்கமும் கூர் உள்ளதை எடுத்துக்கோங்க.

பொரியல்ல பாதி குழைஞ்சு பாதி வேகாம இருக்கு

இது அடுப்புக் கோளாறுன்னு நினைச்சு தண்ணியைக் கூட்டிக் குறைச்சுட்டு இருப்பாங்க. வெட்டினதுல இருந்து 20 துண்டை எடுத்து ஒரு தட்டுல வரிசையா வைங்க, கண்ணுக்கே தெரிஞ்சிடும்.

கேரட்டை வட்டம் வட்டமா வெட்டி அப்புறம் ஒவ்வொரு வட்டத்தையும் நாலாக்கினா தலைப்பக்கம் பெருசு வால்ப்பக்கம் சின்னதுதான் வரும். 5 சென்டிமீட்டர் நீளத் துண்டா முதல்ல பிரிச்சு, பட்டையா அரிஞ்சு, பட்டையைக் குச்சியாக்கி, குச்சியைச் சதுரமாக்குங்க. பொரியலுக்கு 6 மில்லிமீட்டர், குருமாவுக்கு 12 மில்லிமீட்டர்னு வச்சுக்கோங்க. அவியலுக்குக் குச்சியோடயே நிறுத்திடலாம், விரல் நீளம்.

வெங்காயம் பொடியா வரலன்னா வேர்ப்பக்கத்தை முதல்லயே வெட்டி எறிஞ்சிருப்பீங்க. வேர் இருக்கற வரைக்கும்தான் இதழெல்லாம் பிரியாம நிக்கும், அதைக் கடைசியில எடுங்க.

வேகத்தைப் பத்தி யோசிக்கவே வேண்டாம், அளவு சரியா வந்தா வேகம் பின்னாடியே வரும்.

வெங்காயம் வெட்டினா கண்ணே திறக்க முடியல

மொண்ணைக் கத்தி வெங்காயத்தை நசுக்குது, நசுங்க நசுங்க அந்தக் காரம் நிறைய கிளம்புது. கத்தியைத் தீட்டுங்க. அரைமணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்து வெட்டுங்க. ஃபேனைப் பக்கவாட்டுல வைங்க. வெட்டின பக்கத்தைப் போர்டுமேல கவுத்து வைங்க. மிளகாய் வெட்டின கையால கண்ணைத் தேய்ச்சிட்டா நிறைய தண்ணி ஊத்திக் கழுவுங்க, கழுவியும் பார்வை மங்கலாவே இருந்தா கண் டாக்டர்கிட்ட போங்க.

கை வலிக்குது, மணிக்கட்டு விண் விண்ணுங்குது

பிடியை இறுக்கறீங்களான்னு பாருங்க, நகம் வெளுத்திருந்தா இறுக்கறீங்க. இறுக்கறதுக்குக் காரணம் பெரும்பாலும் மொண்ணைக் கத்திதான், மறுபடி பேப்பர் சோதனைக்குப் போங்க.

அடுத்தது மேடை உயரம். போர்டோட மேல்பக்கம் உங்க முழங்கைக்கு 10ல இருந்து 15 சென்டிமீட்டர் கீழ இருக்கணும். உயரமானவங்க ரெண்டு போர்டை அடுக்கி நடுவுல ஈரத்துணி போடலாம். உயரம் கம்மியா இருக்கறவங்க மேடையில தோளைத் தூக்கிட்டு வெட்டாம சாப்பாட்டு மேசையில வச்சு வெட்டுங்க, ஸ்டூல் மேல ஏறி நின்னு கத்தி பிடிக்காதீங்க.

ஆள்காட்டி விரல் அடியில கொப்புளம் வந்தா கத்தி முதுகோட ஓரம் கூரா இருக்கும், உப்புத்தாள் வச்சு லேசா உருட்டி விடலாம். ராத்திரி தூக்கத்துல கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போகுது, பொருள் நழுவுதுன்னா கத்தியை வச்சுட்டு டாக்டரைப் பாருங்க, நாள் கடத்தாதீங்க.

பூசணியில கத்தி மாட்டிக்கிச்சு, சேனையில கை அரிக்குது

மாட்டின கத்தியைப் பக்கவாட்டுல ஆட்டாதீங்க, அலகு பல் விழும். காயை ஒரு கையால அமுக்கிப் பிடிச்சுட்டு பிடியை மேலயும் கீழயுமா அசைச்சு வந்த வழியே எடுங்க. அடுத்த தடவை அடியில ஒரு துண்டு சீவி தட்டையா உக்கார வச்சுட்டு, நுனியை முதல்ல இறக்கி அப்புறம் பிடிப்பக்கத்தைக் கீழ கொண்டுவாங்க. கடையிலயே கீத்தாப் போட்டுத் தரச் சொல்றதும் நல்ல வழிதான்.

சேனைக்கு கையில எண்ணெய் தடவி, கை, காய், போர்டு எல்லாம் காய்ஞ்சு இருக்கும்போதே வெட்டிட்டு அப்புறம் கழுவுங்க. பலாவுக்கும் வாழைக்காய்க்கும் கத்தியிலயும் எண்ணெய் தடவினா பால் ஒட்டாது. இரும்புக் கத்தின்னா வாழைப்பூ வெட்டினதும் உடனே கழுவித் துடைச்சிடணும், பத்து நிமிஷம் விட்டாலே கறுத்துப் போயிடும்.

விரல்ல வெட்டிருச்சு

குழாய்த் தண்ணியில கழுவுங்க. சுத்தமான துணியை வெட்டுமேல வச்சு நல்லா அமுக்கிப் பிடிச்சு கையை நெஞ்சுக்கு மேல தூக்கி வைங்க. கடிகாரம் பார்த்து 10 நிமிஷம். நடுவுல நின்னுச்சான்னு திறந்து பார்க்கக் கூடாது, திறந்தா உறைஞ்சது பிஞ்சு மறுபடி வரும். துணி நனைஞ்சா அதை எடுக்காம மேல இன்னொண்ணு வைங்க.

மஞ்சத்தூள், காப்பித்தூள், சர்க்கரை எதுவும் வைக்காதீங்க. பெரியவங்க அக்கறையாத்தான் எடுத்துட்டு ஓடி வருவாங்க, ஆனா அது வெட்டுக்குள்ள அழுக்கா உக்காரும், தையல் போடணும்னா டாக்டர் அதை முதல்ல சுரண்டி எடுக்கணும்.

ரத்தம் நின்னுச்சு, ஓரம் சேர்ந்து இருக்கு, விரல் மடங்குதுன்னா பேண்டேஜ் போதும். பத்து நிமிஷத்துல நிக்கல, வெட்டு வாய் பிளந்து நிக்குது, விரல் மடக்க வரல, நுனி மரத்திருக்கு, நகம் பேந்திருக்கு, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. டெட்டனஸ் ஊசி எப்போ போட்டதுன்னு ஞாபகம் இல்லன்னா அதையும் அங்கயே சொல்லுங்க. துண்டு தனியா வந்துடுச்சுன்னா ஈரமான சுத்தத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட இன்னொரு பைக்குள்ள வைங்க, ஐஸ் நேரா சதைமேல படக்கூடாது. 108க்கு போன் பண்ணிட்டு கூட ஒரு ஆளை அனுப்புங்க.

போர்டையும் கத்தியையும் சோப்பு போட்டுக் கழுவுங்க, அதுல இருந்த காயைக் குப்பையில போடுங்க. விரல் ஆறி அடுத்த கிளாஸுக்கு வரும்போது பேண்டேஜ் மேல கையுறை போட்டுக்கிட்டு வாங்க, மறுபடி வெள்ளரிக்காய்ல இருந்தே ஆரம்பிக்கலாம்.